இறக்கத்துக்கு ஒரு வண்டி

கொடைக்கானல் மேல்மலைக்கு லோடு அடிக்கிறவர்களின் கணக்கு, சமவெளிக்காரர்களின் கணக்குக்கு நேர் தலைகீழ். மேலே ஏறும்போது எங்கள் வண்டி பாதி காலி. உரமூட்டை, கோழி எரு, மளிகைச் சாமான், எப்போதாவது ஒரு கட்டு பி.வி.சி. பைப், அவ்வளவுதான். முழு லோடு என்பது இறங்கும்போதுதான். பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சிப் பக்கம் விளைகிற கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், வெள்ளைப்பூண்டு எல்லாம் கீழே வந்தால்தான் காசு. அதனால் மலைக்கு வண்டி வாங்குகிறவன் முதலில் கேட்க வேண்டியது, லோடோடு இது எப்படி இறங்கும் என்பதை. எந்த ஷோரூமிலும் இதற்குக் கையில் பதில் வைத்திருந்த ஆளை நான் பார்த்ததில்லை. எவ்வளவு இழுக்கும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று மட்டும் மூச்சுவிடாமல் சொல்வார்கள்.

நான் வத்தலக்குண்டுக்காரன். ஒரே ஒரு பிக்கப், ஓனரும் டிரைவரும் நானே. பழைய வண்டி 2012-ல் எடுத்த மஹிந்திரா பொலேரோ பிக்கப். 2523 சி.சி., நாலு சிலிண்டர் டீசல், சென்சார் என்ற பேச்சே இல்லாத பம்ப் வண்டி. நடுவழியில் மக்கர் பண்ணினாலும் நாலு ஸ்பேனரும் ஒரு முழம் டியூபும் இருந்தால் எப்படியாவது ஊர் வந்து சேர்ந்துவிடலாம். அதை மாற்ற வேண்டும் என்ற பேச்சு எடுபட்டது இரண்டாவது கியரால்.

மலையிலிருந்து லோடோடு இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுவது போய் சக்கரம் இன்ஜினைச் சுற்ற ஆரம்பிக்கும். அந்த எதிர்த் தள்ளலில்தான் வண்டி கட்டுப்பட்டு நிற்கிறது. கியர் பாக்ஸுக்குள் பல் தேய்ந்திருந்தால் அந்தத் தள்ளலைத் தாங்காமல் கியர் நியூட்ரலுக்குத் துள்ளிவிடும். சமவெளியில் ஓட்டினால் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் வெளியே தெரியாது. டம்டம் பாறைக்கு மேலே ஒரு வளைவில், முதுகுக்குப் பின்னால் ஒரு டன் கேரட் இருக்கும்போது துள்ளினால் நன்றாகவே தெரியும். இடது கையால் கியர் ராடை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் ஸ்டியரிங்கை ஒடித்து இறக்குவதெல்லாம் பிழைப்புக்கு ஆகிற வேலை இல்லை.

மெக்கானிக் பாய் வண்டியை ஜாக்கியில் ஏற்றினார். "கியர் செட்டு மாத்திக்கலாம்ண்ணே, அது ஒரு விஷயமே இல்ல. கீழ வந்து இதப் பாருங்க" என்று கூப்பிட்டார். சின்னச் சுத்தியலால் சேசிஸைத் தட்டிக்கொண்டே பின்னால் போனார். முன்பக்கம் டங் டங் என்று கேட்டது, பின்பக்கம் ஸ்பிரிங் பட்டையின் சாக்கிளைப் பிடித்திருக்கும் பிராக்கெட் பக்கத்தில் வந்ததும் சத்தம் செத்துவிட்டது. இன்னொரு தட்டு தட்டினார். கருஞ்சிவப்பாக ஒரு பொருக்கு பெயர்ந்து அவர் சட்டையில் விழுந்தது. விரல் நகத்தளவு கனம்.

இது மலை வண்டிகளுக்கே உரிய வியாதி. யூரியாவும் பொட்டாஷும் மூட்டை ஓரத்தில் சிந்தும். பாடித் தகடு சேருகிற இடுக்குகளில் போய் உட்காரும். அதன்மேல் மேல்மலைப் பனி ஈரம், கழுவின கேரட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர். உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு என்ன ஆகும்? கடற்கரையில் ஓடுகிற வண்டிதான் துருப்பிடிக்கும் என்று நினைக்கிறவர்கள், உரம் ஏற்றின வண்டியின் அடிவயிற்றை ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும்.

"வெல்டு வச்சா எஃப்.சி.க்குப் போயிரும். மலைக்குப் போகுமான்னு என்னக் கேக்காதீங்க" என்றார் பாய்.

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றும் ஒரு காரணம்தான். புதுச் சரக்கு வண்டிக்கு முதல் இரண்டு வருடம் கவலை இல்லை. எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். அதன்பிறகு வருடா வருடம். ஒவ்வொரு தடவையும் பெயின்ட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், லைட், பிரேக் வேலை என்று பணம் போவது ஒருபக்கம். வண்டி பட்டறையில் நிற்கிற நாளில் அறுவடை காத்திருக்காது என்பது இன்னொரு பக்கம். பீன்ஸ் பறித்த அன்றே இறங்க வேண்டும். வழக்கமாக நம்மைக் கூப்பிடுகிற விவசாயி அன்றைக்கு வேறு வண்டியைக் கூப்பிடுவார், அந்த வண்டிக்காரனும் அடுத்த முறையிலிருந்து சும்மா இருக்க மாட்டான். பதினைந்து வயது தாண்டினால் எஃப்.சி. கட்டணமும் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு.

மாற்றுவது என்று முடிவானதும் வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. மைத்துனன் பத்தடி பாடி வண்டிதான் கெத்து என்றான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிற மகன் மட்டும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். வண்டியும் சரக்கும் சேர்ந்து இரண்டரை டன். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேலே, வத்தலக்குண்டு சுமார் 300 மீட்டர். நடுவில் 1,800 மீட்டர் இறக்கம். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்குகிறபோது வெளிப்படுகிற ஆற்றலை மின்சாரமாகக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 12 யூனிட். ஆயிரம் வாட் வாட்டர் ஹீட்டரைப் பன்னிரண்டு மணி நேரம் தொடர்ந்து போட்டுவிட்டால் வருகிற சூடு.

"கொஞ்சத்தக் காத்தும் டயரும் தின்னும்பா. மிச்சம் எங்கயாவது போயாகணும். ஒண்ணு இன்ஜின் வழியாப் போகணும், இல்லாட்டி பிரேக் டிரம்முக்குள்ள போகணும்."

இத்தனை வருடம் கைக்கும் காலுக்கும் தெரிந்திருந்த விஷயம் அன்றைக்குத்தான் எண்ணாக எழுதி முன்னால் வந்தது. பிரேக்கில் போகிற சூடு என்ன செய்யும் என்று மலை ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதலில் லைனிங் தீய்கிற வாடை. பிறகு பெடல் இருக்கிறது, வண்டி நிற்கவில்லை. பிரேக் ஆயில் பழசாகி ஈரம் இழுத்திருந்தால் சூட்டில் கொதித்துக் குமிழி விடும். பெடல் தரையைத் தொட்டுவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வதன் காரணம் அதுதான். நின்ற இடத்தில் டிரம்மில் பாட்டில் தண்ணீரை ஊற்றிச் சுர்ரென்று ஆவி பறக்கவிடுவது இன்னும் சிலருக்குப் பழக்கம். டிரம் விரிசல் விடுவதற்கு அதைவிட எளிய வழி கிடையாது.

இன்னொரு கூட்டம், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வரும். இப்போதைய காமன் ரயில் வண்டிகளில் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜெக்டர் டீசல் ஊற்றுவதையே நிறுத்திவிடும்; நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்காகக் கொஞ்சம் செலவாகும். ஆக அந்த மிச்சமும் பொய். இன்ஜினையே ஆஃப் பண்ணி உருட்டுகிறவர்கள் அதற்கும் மேலே. வேக்கம் போனதும் இரண்டு மூன்று மிதிக்கு மேல் பிரேக் கல்லாக இறுகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் இருக்காது.

இப்படிப் பார்த்தால் மலைக்கு வாங்க வேண்டிய வண்டிக்கு முதல் தகுதி, இரண்டாவது கியரில் முழு லோடோடு விட்டால் பிரேக்கை அதிகம் தொடாமல் இறங்க வேண்டும். இரண்டாவது, நல்ல பிரேக். மூன்றாவது, வத்தலக்குண்டிலேயே கையும் பார்ட்ஸும் கிடைக்க வேண்டும். மைலேஜ் அதற்குப் பிறகு.

சின்ன வண்டிகளின் சரித்திரத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேல்மலையில் ஒரு காலத்தில் ஜீப்பும் பெரிய லாரியும்தான். 1988-ல் டாடாமொபைல் வந்தது, அதன் வழியில் 207. ஆனால் தொழிலையே மாற்றியது 2005-ல் வந்த டாடா ஏஸ். இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைசக்தி, முக்கால் டன் லோடு. குட்டி யானை என்று ஊரே செல்லமாகக் கூப்பிட்டது. டிரைவராக இருந்த எத்தனையோ பேரை ஓனராக்கியது அந்த வண்டிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது, ஒன்றேகால் டன். 2019-ல் டாடா இன்ட்ரா, 2020-ல் படா தோஸ்த், 2022-ல் இரண்டு டன் ஏற்றும் யோதா. பொலேரோ பிக்கப்பும் மேக்ஸ் என்ற பெயரில் ஒன்றே முக்கால், இரண்டு டன் என்று வளர்ந்துவிட்டது. 2012-ல் எனக்கு மூன்று நான்கு வண்டிக்குள் தேர்வு முடிந்தது. இப்போது ஒரு கம்பெனியின் பட்டியலைப் படிக்கவே ஒரு டீ ஆறிவிடுகிறது.

ஏஸ், சூப்பர் கேரி மாதிரிச் சின்ன வண்டிகளை முதலிலேயே ஒதுக்கினேன். டவுனுக்குள் தண்ணீர் கேனும் பலசரக்கும் போட அவை அருமை. மேல்மலை கேரட்டுக்கு இரண்டு நடை அடிக்க வேண்டி வரும்.

சி.என்.ஜி. என்றால் கிலோமீட்டர் செலவு குறைவுதான். சமவெளியில் நிலையான ரூட் உள்ளவர்கள் யோசிக்கலாம். ஆனால் சிலிண்டரின் எடை நம் லோடிலிருந்து கழியும், பெட்ரோலில் இருக்கிற இழுவை கேஸில் கொஞ்சம் குறையும், சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை டெஸ்ட் பண்ண வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கவுஞ்சியில் கேஸ் தீர்ந்தால் யாரைக் கேட்பது?

மின்சார வண்டியைப் பற்றி மகன் ரொம்பப் பேசினான், அவன் பேச்சில் நியாயமும் இருந்தது. ஏறும்போது காலி, இறங்கும்போது லோடு என்கிற எங்கள் தொழில், பேட்டரி வண்டிக்கென்றே அளவெடுத்துத் தைத்தது மாதிரி. பிரேக்கில் வீணாகிற அந்த 12 யூனிட்டில் ஒரு பங்கை மோட்டார் திருப்பி பேட்டரியில் ஏற்றும், டிரம்மும் சூடாகாது. 2022-ல் வந்த ஏஸ் இ.வி.யின் பேட்டரி 21 யூனிட் சொச்சம், 2024-ல் ஒரு டன் மாடலும் வந்துவிட்டது. ஆனால் உரத்தோடு மலையேறி, மேல்மலை முழுக்கச் சுற்றி லோடு எடுத்து, அன்றைக்கே வடுகபட்டி பூண்டு மார்க்கெட்டுக்கும் போக வேண்டுமென்றால் அந்தப் பேட்டரி எனக்குப் போதாது. நடுவில் சார்ஜ் போட்டு உட்கார்ந்திருந்தால் மண்டி மூடிவிடும். மகனிடம், "ஒன் காலத்துல அது வரும்டா" என்றேன். அதை நம்பித்தான் சொன்னேன்.

மிச்சம் டீசல். இங்கேதான் 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 விதியைப் புரிந்துகொள்ள வேண்டும். புகைக்குழாயில் டி.பி.எஃப். என்று ஒரு வடிகட்டி. கரியைப் பிடித்துச் சேர்த்து வைத்து, சுமார் 600 டிகிரிச் சூட்டில் தானே எரித்துவிடும். நல்ல ரோட்டில் ஓடினாலோ லோடோடு ஏறினாலோ அந்தச் சூடு தானாகக் கிடைக்கும். தோட்டம் தோட்டமாக நின்று நின்று லோடு எடுக்கிறபோதும், மே மாதம் சீசன் நெரிசலில் சில்வர் காஸ்கேட் பக்கம் ஊர்கிறபோதும் கிடைக்காது. கரி எரிந்துகொண்டிருக்கும்போது பாதியில் சாவியைத் திருகி நிறுத்துவது இன்னும் கெடுதல். எனக்குத் தெரிந்த ஒருவர் டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரிகிறதை ஒரு மாதம் அலட்சியமாக விட்டு, கடைசியில் வண்டி வேகமெடுக்காமல் முடங்கி, டோ பண்ணித்தான் கொண்டுபோனார். சில மாடல்களுக்கு ஆட்ப்ளூ வேறு ஊற்ற வேண்டும், 32.5 சதவீத யூரியாக் கரைசல். வயலுக்கு யூரியா சுமந்த வண்டிக்கே இப்போது யூரியா! வாங்குகிற மாடலில் எது உண்டு, எது இல்லை என்பதை ஷோரூமில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்" என்பதுதான் பதில்.

சென்சார் வண்டிக்கு இன்னொரு நிபந்தனை, டீசல் சுத்தமாக இருக்க வேண்டும். கேனில் விற்கிற டீசலைப் பழைய பம்ப் வண்டி எப்படியோ செரித்துக்கொண்டது. காமன் ரயில் இன்ஜெக்டருக்குள் தண்ணீர் போனால் அந்த மாத வருமானம் போச்சு.

பத்தடி பாடியைப் பற்றி மைத்துனனோடு நடந்த சண்டையைச் சொல்ல வேண்டும். அவன் சொன்னதிலும் விஷயம் இருந்தது. கேரட்டும் உருளையும் எடைச் சரக்கு. பாடி பாதி நிறையும்போதே டன் நிறைந்துவிடும். தாளோடு கட்டின பூண்டு, பீன்ஸ், காலிஃபிளவர் எல்லாம் இடத்தை அடைக்கும் சரக்கு. பாடி தளும்பினாலும் எடை வராது. 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பூம்பாறைப் பூண்டைத் தேடுகிற வியாபாரிகள் கூடியிருக்கிறார்கள். பூண்டு மட்டும் ஏற்றுவதானால் நானும் பத்தடியே வாங்கியிருப்பேன்.

"மாமா, பத்தடி இருந்தா எதையும் ஏத்தலாம்ல? நாளைக்கு வீடு காலி பண்ற லோடு வந்தாலும் விடவேண்டியதில்ல."

"மாப்ள, பத்தடி இருந்தா பத்தடிக்கும் ஏத்துவாங்கடா, கேரட்டா இருந்தாலும்."

அதுதான் என் பயம். இடம் இருந்தால் இன்னும் நாலு மூட்டை போடு என்பார்கள். பின் ஆக்ஸிலுக்கு அந்தப் பக்கம் எடை ஏறினால் வண்டியின் மூக்கு லேசாகும். செங்குத்தான கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது முன் சக்கரம் பாரமில்லாமல் வழுக்கும், ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. இறங்கும்போது அந்தக் கூடுதல் எடை முழுவதும் பிரேக்கின் தலையில். இதற்கென்று ஸ்பிரிங்கில் எக்ஸ்ட்ரா பட்டை வைத்துக் கொடுக்கப் பட்டறைகள் தயாராக இருக்கின்றன. பட்டை சேர்த்தால் வண்டி தாழாமல் நிற்கும், பார்க்கிறவனுக்கு லோடே தெரியாது. பிரேக் டிரம்மின் அளவை எந்தப் பட்டறைக்காரனும் பெரிதாக்கித் தருவதில்லை. ஓவர்லோடில் மாட்டினால் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்குமேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

சட்டத்தில் வண்டிக்காரனுக்குச் சாதகமான இடங்களும் உண்டு. மொத்த எடை, அதாவது வண்டியும் லோடும் சேர்த்து ஆர்.சி.யில் எழுதியிருக்கிற ஜி.வி.டபிள்யூ., 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் பெர்மிட்டே தேவையில்லை. ஒன்றே முக்கால் டன் மாடல்களுக்குத் தாவுவதற்கு முன்னால் இந்த எண்ணைப் பார்த்துவிட வேண்டும். லைசென்ஸ் விஷயத்தில் சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸோடு 7,500 கிலோ வரை சரக்கு வண்டி ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது. பேட்ஜ் இல்லை என்று சொல்லி இன்சூரன்ஸ் கிளெயிமை இழுத்தடித்த காலம் அதோடு முடிந்தது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் 7,500 கிலோ வரை ஒரே ஸ்லாப்தான். சின்ன வண்டிக்குப் பிரீமியம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி அந்த ஷோரூம் வைபவம். டெஸ்ட் டிரைவ் கேட்டால் ஏ.சி. அறையில் உட்காரவைத்து, டீ கொடுத்து, காலி வண்டியில் பைபாஸில் ஒரு ரவுண்டு கூட்டிப்போய்விட்டு வருவார்கள். காலி பிக்கப் எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

"தம்பி, ஒரு டன் ஏத்தி மலைக்கு எடுத்துட்டுப் போகணும்" என்றேன்.

அந்தப் பையன் சிரித்தான். வேடிக்கை என்று நினைத்துக்கொண்டான். ஒரு கம்பெனியில் முடியவே முடியாது என்றார்கள். இன்னொன்றில் மேனேஜரைக் கேட்கிறேன் என்றவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு ஷோரூம்களில் டெமோ வண்டியைத் தந்தார்கள், பையனும் கூடவே வருவான், டீசல் என் செலவு என்ற பேச்சில். பக்கத்து உரக்கடையில் சொல்லி மூட்டைகளை ஏற்றிக்கொண்டேன். மேல்மலைக்குப் போக வேண்டிய உரம்தான், ஆகையால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் லோடோடு இறக்கத்தையும் பார்க்க வேண்டியிருந்ததால், ஏற்றிய உரத்தை டம்டம் பாறை தாண்டிக் கொஞ்ச தூரம் கொண்டுபோய், அப்படியே திருப்பி இறக்கினேன். பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

நான் பார்த்தவை இவைதான். ஏறும்போது வளைவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விட்டு மறுபடி கிளப்பினால் கிளட்ச் எவ்வளவு தீய்கிறது? சீசனில் தினம் இதே பிழைப்புத்தான். 2024 மே மாதம் ஐகோர்ட் உத்தரவில் இ-பாஸ் வந்த பிறகும் வளைவுகளில் நிற்பது நிற்பதுதான். சீட்டில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இடது முன் மூலை கண்ணுக்குத் தெரிகிறதா? கொண்டை ஊசியில் ஒரே ஒடிப்பில் திரும்புகிறதா, ரிவர்ஸ் கேட்கிறதா? பிறகு இறக்கம். இரண்டாவது கியரில் விட்டுவிட்டுக் காலை இரண்டு பெடலிலிருந்தும் எடுத்தேன். ஒரு வண்டி முனகிக்கொண்டு, ஆனால் வேகம் கூடாமல், வளைவுக்கு வளைவு ஒரு மிதியோடு இறங்கியது. இன்னொன்று ஒன்றரை லிட்டர் இன்ஜின். அதே இறக்கத்தில் ஆர்.பி.எம். முள் மேலே மேலே போனது, கால் அடிக்கடி பிரேக்கைத் தேடியது. முதல் கியருக்கு இறக்கினால் நின்றது, ஆனால் அந்த வேகத்தில் வந்தால் பின்னால் வருகிற பஸ்காரன் சும்மா விடமாட்டான். கீழே வந்து நிறுத்தியதும் சக்கரத்துக்குப் பக்கத்தில், தொடாமல், புறங்கையை வைத்துப் பார்த்தேன். எந்த வண்டியின் பிரேக் அதிகம் வேலை பார்த்திருக்கிறது என்று புறங்கை சொல்லிவிட்டது. பையன் அதை வீடியோ எடுத்துக்கொண்டான்.

இது ஒன்றரை லிட்டர் வண்டிகளின் குறை அல்ல. ஒட்டன்சத்திரம், தாராபுரம், உடுமலை என்று சமவெளியில் ஓட்டுகிறவனாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தோஸ்தோ இன்ட்ராவோதான் எடுத்திருப்பேன். பாடி தாழ்வாக இருப்பதால் லோடுமேன்கள் திட்டாமல் ஏற்றுவார்கள், டீசலும் குறைவாகத்தான் குடிக்கும்.

செகண்ட் ஹேண்டும் பார்த்தேன், ஆனால் நேரம் சரியில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது. எட்டு லட்சம் அடக்க விலையுள்ள வண்டிக்கு 80,000 ரூபாய் குறைகிறது. புரோக்கர்கள் மட்டும் பழைய வண்டிக்குப் பழைய விலையையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல் பாடிக்கு அடியில் புதுக் கறுப்புப் பெயின்ட். பெயின்ட் புதிதாக இருக்கிற சேசிஸைச் சுத்தியலால் தட்டாமல் வாங்கக்கூடாது என்பதை பாய் எனக்குக் காட்டியிருந்தார்.

ஃபைனான்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 9 பெர்சன்ட் ஃப்ளாட் என்று இனிப்பாகச் சொல்வார்கள். ஆறு லட்சம், நாலு வருடம் என்று வையுங்கள். வட்டி 2 லட்சத்து 16 ஆயிரம், மாத டியூ 17,000. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போது முழு ஆறு லட்சத்துக்கும் கடைசி வரை வட்டி கட்டுகிறோம். குறையும் வட்டிக் கணக்கில் பார்த்தால் அது ஏறக்குறைய 16 சதவீதம். பேங்க்காரர் 11 என்கிறாரே, இவர் 9-க்கே தருகிறாரே என்று சந்தோஷப்படுகிறவர்கள் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிக் கேட்க வேண்டும். டியூ எவ்வளவு, மொத்தம் எத்தனை டியூ, முன்கூட்டியே கட்டினால் அபராதம் எவ்வளவு, இந்த மூன்றும் தாளில் வரவேண்டும்.

கடைசியில் எடுத்தது பொலேரோ மேக்ஸ், 1.3 டன். அதே இரண்டரை லிட்டர் குடும்பத்து இன்ஜின், இப்போது காமன் ரயிலோடு. விலையில் சக வண்டிகளைவிடக் கூடுதல், டீசலும் கொஞ்சம் அதிகம், பாடி உயரம் என்பதால் லோடுமேன்கள் முணுமுணுக்கிறார்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரில் நிற்கிறது. லைனிங்கிலிருந்து கிளட்ச் பிளேட் வரை வத்தலக்குண்டிலேயே கிடைக்கிறது, பாயும் ஒரு ஸ்கேனர் வாங்கிவிட்டார். பாடித் தகட்டுக்கு மேல் தடித்த ரப்பர் மேட் போட்டு, உரம் இறக்கிய அன்றே தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன்.

பழைய வண்டிக்கு ஷோரூம் எக்ஸ்சேஞ்சில் சொன்ன விலை வருத்தம் தருவதாக இருந்தது. தேங்காய் லோடு அடிக்கிற ஒருவர் வெளியில் கூடுதலாகக் கேட்டார். கியர் செட்டு மாற்றி, சேசிஸில் வெல்டு வைத்த இடத்தை பாய் பட்டறையிலேயே காட்டி, இதை மலைக்கு ஓட்டக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவருக்குத் தோப்பிலிருந்து கொப்பரைக் களம் வரைதான் ஓட்டம்.

வண்டி மாற்றுகிறவர்கள் புது வண்டியின் பூஜை மும்முரத்தில் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். பணம் வந்ததும் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். வாங்கினவர் அடுத்த எஃப்.சி. வரும்போது பெயர் மாற்றிக்கொள்கிறேன் என்பார். அதற்குள் அந்த வண்டி யார்மேலாவது மோதினால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர் என்று சுப்ரீம் கோர்ட் 2018-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் இல்லாத நாளாக இருந்தால் நஷ்ட ஈடு நம் தலையில். லோன் முடிந்திருந்தால் ஃபைனான்ஸின் என்.ஓ.சி. வாங்கி ஆர்.சி.யில் இருக்கிற ஹெச்.பி. என்கிற கடன் பதிவை ரத்து செய்யுங்கள். 29-ம் படிவத்திலும் 30-ம் படிவத்திலும் வேண்டிய கையெழுத்துகளைப் போட்டு, விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சேர்த்துவிடுங்கள். பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும்வரை, விற்ற பணத்தில் ஒரு பங்கைச் செலவழிக்காமல் வைத்திருங்கள்; தேவைப்பட்டால் வாங்கினவரைக் கூட்டிக்கொண்டு நீங்களே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்வர அது உதவும்.